பெரியவர்களுக்கான ஆட்டிசம் மதிப்பீடு: எதை எடுத்துக்கொண்டு போவது?

கேள்வி: எனக்கு 33 வயது. கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருட யோசனைக்குப் பிறகு மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேரில் பேச உட்கார்ந்தால் எனக்கு எல்லாமே மறந்துவிடும். அம்மாவையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இணையத்தில் இருக்கும் வினாத்தாள்களில் மதிப்பெண் அதிகமாகத்தான் வருகிறது. ஆனாலும் இல்லாததை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்று பயம். எப்படித் தயாராவது? கையில் எப்போதும் ஒரு ரப்பர் வளையத்தை உருட்டிக்கொண்டே இருப்பேன். அதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டுமா?

பதில்: நான் அந்த மேசையின் மறுபக்கத்தில் உட்காருகிறவள். பதினான்கு ஆண்டுகளாக இதே வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிக நன்றாகத் தயாராகி வருகிறவர்களை மதிப்பிடுவதுதான் எங்களுக்குச் சிரமம். தேர்வுக்குப் படிப்பது போலப் படித்துவிட்டு வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, அளவான சிரிப்பு, கேட்ட கேள்விக்குக் கச்சிதமான பதில். ஐம்பது நிமிடம் பேசினோம். சமூக உரையாடலில் குறிப்பிடத்தக்க சிரமம் தென்படவில்லை என்று என் குறிப்பில் எழுதினேன். கதவு வரை வந்த அவருடைய மனைவி, அவர் முன்னே போன பிறகு மெல்லச் சொன்னார்: "நான்கு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று இதையேதான் பேசிப் பார்த்தார் மேடம். இனி நாளை சாயங்காலம் வரை வீட்டில் வாயே திறக்க மாட்டார்." அந்த ஐம்பது நிமிடத்தில் எனக்குக் கிடைக்காதது அந்த இரண்டு வாக்கியத்தில் கிடைத்தது. அடுத்த அமர்வை முதலிலிருந்து தொடங்கினேன். அவராக அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்; எல்லோருமே இப்படி ஒத்திகை பார்த்துத்தான் பேசுகிறார்கள் என்று நாற்பத்தொரு வயது வரை நம்பியிருந்தார்.

ஆகவே நீங்கள் எடுத்து வர வேண்டியது, ஒரு சாதாரண நாளைக் கடக்க உங்களுக்கு என்ன செலவாகிறது என்ற கணக்கை. கணக்குப் பிரிவில் இருப்பவர், இது உங்களுக்குக் கைவரும்.

நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் எதை எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். எங்களில் பலர் கையில் வைத்திருப்பது டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாடு. ஆட்டிசத்தை ஒட்டிய ஒரு நிலைக்கு அஸ்பெர்ஜர் என்று தனியாக இருந்த பெயரை 2013இல் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே நிறமாலைக்குள் (ஸ்பெக்ட்ரம்) கொண்டுவந்தது அதுதான். அதில் இரண்டு பெரிய தலைப்புகள். முதலாவது, மனிதர்களோடு கொடுக்கல் வாங்கல்: பேச்சின் போக்குவரத்து, முகமும் கையும் பேசும் மொழி, உறவுகளை உண்டாக்கித் தக்கவைத்தல். இந்த மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். இரண்டாவது தலைப்பில் நான்கு உண்டு: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்க முடியாத பிடிமானம், ஒரே விஷயத்தில் ஆழ்ந்துபோகும் ஆர்வம், ஒலி ஒளி தொடுகை போன்ற புலன்களில் மிகையோ குறைவோ. இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இன்றைக்கு வெளியே தெரியாவிட்டாலும் முன்பு இருந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கை கேட்கும் விலை கூடும்போதுதான் வெளியே தெரியலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்று அந்த வகைப்பாடே ஒப்புக்கொள்கிறது. கடைசியாக, இவற்றால் வேலையிலோ வீட்டிலோ உண்மையான பாதிப்பு இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று வாரத்துக்கு வருகிறேன். ஒரு நோட்டையோ கைப்பேசியையோ எடுத்து, நினைவு வரும்போதெல்லாம் குறித்து வையுங்கள். "எனக்குச் சத்தம் ஆகாது" என்று எழுதாதீர்கள், யாருக்குத்தான் ஆகும். என்னிடம் வந்த ஒரு பெண் எழுதியிருந்ததைப் பாருங்கள் (அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்): "சித்தப்பா மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் தொடங்கியபோது நான் மண்டபத்தின் பின்புறம், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றிருந்தேன். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. எந்தப் போட்டோவிலும் நான் இல்லை. பொறாமையில் போய்விட்டேன் என்று அத்தை இன்றுவரை சொல்கிறார்." புலன், தப்பித்தல், உறவில் விழுந்த விரிசல் என்று மூன்றும் நாலு வரியில் இருக்கின்றன.

அதே பெண் எழுதிய இன்னொன்று. பக்கத்து வீட்டு அக்கா, "இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயேன்" என்றாராம். இவர் சரி என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் உலையே வைத்திருக்கவில்லை. நம் ஊரில் அந்த அழைப்பை எத்தனை முறை மறுக்க வேண்டும், எத்தனாவது அழைப்பு நிஜம் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மற்றவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று பொருள் என்பதை அவர் இருபத்தாறு வயதில் அலுவலகத்தில் ஒரு தோழி சொல்லித் தெரிந்துகொண்டார். "எனக்குப் பழகத் தெரியாது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கூச்ச சுபாவம் என்று நானே கடந்து போயிருப்பேன்.

எழுதி முடித்ததும் இரண்டு பக்கமாகச் சுருக்கிவிடுங்கள். ஒருவர் வயதுவாரியாக, நிறம் பிரித்து, 140 பக்க எக்செல் கோப்பு கொண்டுவந்தார். அந்தக் கோப்பே எனக்கு நிறையச் சொன்னது என்பது வேறு விஷயம், ஆனால் முழுவதையும் படிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. நேரில் பேச்சு வராது என்கிறீர்கள், பரவாயில்லை. "பேசினால் மறந்துவிடும், எழுதி வந்திருக்கிறேன்" என்று தாளை நீட்டுங்கள். முடிந்தால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பொருந்தாதவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது வராது என்று எங்கோ படித்திருப்பீர்கள், உங்களுக்கு அது சுலபமாக வரும். அதை மறைக்க வேண்டாம். கற்பனை செய்துகொள்கிறேனோ என்ற பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து இது ஒன்றுதான்: இரண்டு பக்கச் சான்றையும் மேசையில் வைத்துவிட்டால் தீர்ப்புச் சொல்லும் பாரம் உங்கள் தலையிலிருந்து இறங்கி எங்கள் தலைக்கு வந்துவிடும். அதற்குத்தான் கட்டணம் வாங்குகிறோம்.

அம்மா விஷயம். இதில்தான் நம் வீடுகளில் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

அவரை ஏன் கேட்கிறோம் என்றால், உங்கள் நான்கு வயது உங்களுக்கு நினைவிருக்காது. பெற்றோரிடம் கேட்பதற்கென்றே ஏ.டி.ஐ.-ஆர் என்ற நேர்காணல் முறை இருக்கிறது. 93 கேள்விகள், பல கேள்விகள் அந்த நான்கு, ஐந்து வயதைச் சுற்றியே இருக்கும். எல்லா உளவியலாளரும் அதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் குழந்தைப் பருவத்தை யாராவது ஒருவர் வாயால் கேட்க விரும்புவோம்.

அம்மாக்களிடம் "சின்ன வயதில் இவள் எப்படி?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "ரொம்பச் சமத்து." இந்தச் 'சமத்து'க்குப் பின்னால் எத்தனை குழந்தைகள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. யாரோடும் விளையாடப் போகாமல் மூலையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறவாரியாக அடுக்கும் பெண் குழந்தை நம் வீட்டில் சமத்து. அதே குழந்தை பதினைந்து வயதில் விருந்தாளி வந்தால் அறையை விட்டு வராவிட்டால் 'அழுத்தக்காரி'. ஆண் குழந்தையானால் 'அப்படியே அவன் அப்பா'. எல்லாம் குணச்சித்திரம், எனக்கு வேண்டிய தகவல் ஒன்றுமில்லை.

ஒரு அம்மா அரை மணி நேரம் "எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு வாக்கில் தீபாவளியைப் பற்றிக் கேட்டேன். "தீபாவளியா? அவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுநாள்தான் வெளியே வருவாள்." பட்டுப் பாவாடை? "ஜரிகை குத்துகிறது என்று உள்ளே வெளியே திருப்பிப் போட்டுக்கொள்வாள்." சாப்பாடு? "மூன்று வருஷம் தயிர்ச் சாதம்தான். அதுவும் அந்தப் பள்ளத் தட்டில்தான். தட்டு கழுவப் போயிருந்தால் வரும்வரை காத்திருப்பாள்." தலை பின்னினால்? "ஐயோ, தெருவே கூடிவிடும்." சொல்லிவிட்டு, "குழந்தைகள் என்றால் இப்படித்தானே இருக்கும்?" என்று என்னையே கேட்டார்.

நீங்களும் வீட்டில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆட்டிசம் என்ற சொல்லே வேண்டாம். பழைய ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம், மொட்டை போட்ட நாள், வீடு மாறிய வாரம், ஊர்த் திருவிழா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எப்போது பேச்சு வந்தது, பேசியது எப்படி என்றும் கேளுங்கள். சில குழந்தைகள் தாமதமாகப் பேசி, பேசத் தொடங்கியதும் பெரியவர்களைப் போல முழு வாக்கியமாகப் பேசுவார்கள். அம்மாக்கள் இதைப் பெருமையாக நினைவில் வைத்திருப்பார்கள்.

இரண்டு எதிர்வினைகளுக்குத் தயாராக இருங்கள். ஒன்று, "நானும் அப்படித்தான் இருந்தேன், எனக்கு என்ன குறைந்துவிட்டது?" ஆட்டிசத்தில் மரபின் பங்கு பெரியது; அம்மா சொல்வது உங்களுக்கு எதிரான வாதமாக இல்லாமல், கூடுதல் சான்றாகவே இருக்கலாம். வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, "நான் வளர்த்ததில் என்ன தப்பு?" என்ற அழுகை. அன்பில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 60களிலும் மேல்நாட்டு மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருத்து தவறென்று கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அம்மாவிடம் இதைச் சொல்லும் வேலையை எங்களிடம் விட்டுவிடலாம். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயமும் கூடவே வரும். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகளைத் தவிர, நீங்கள் சொல்லாமல் அறிக்கை யார் கைக்கும் போகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அந்த இரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. ஒரு வேண்டுகோள்: நம் அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் அம்மாவுக்கு முதல் நாளே காட்டிவிடாதீர்கள். புற உலகத்தைப் பற்றி உங்களைப் போல இரவெல்லாம் சிந்திக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேட்கவே முடியாது என்றால் அக்கா, சித்தி, கூடப் படித்தவர், யாராக இருந்தாலும் சரி. பழைய மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய ஒரு வரி கூட உதவும். 'வகுப்பில் கலந்துகொள்வதில்லை' என்ற வாசகத்தை ஒரே ஆளின் ஆறு வருட அட்டைகளில், ஐந்து ஆசிரியர்களின் கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். யாருமே இல்லை என்றாலும் மதிப்பீடு நடக்கும். அறிக்கையில் அந்தக் குறையைக் குறிப்பிடுவோம், அவ்வளவுதான்.

இணைய வினாத்தாள்களை நான் உதறித் தள்ளவில்லை. கேம்பிரிட்ஜில் 2001இல் உருவான ஏ.கியூ. 50 வாக்கியம் கொண்டது, மதிப்பெண் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கச் சொல்லும். ராட்ஸ்-ஆர் 80 வாக்கியம், எல்லைக்கோடு 65. இரண்டும் சல்லடைகள்தான். சமூகப் பதற்றம் உள்ளவருக்கும் அதே மதிப்பெண் வரலாம். போதாக்குறைக்கு, அவை நம் ஊருக்காக எழுதப்பட்டவையும் அல்ல. அருங்காட்சியகத்தைவிடத் தியேட்டருக்குப் போவதையே விரும்புவேன் என்று ஏ.கியூ.வில் ஒரு வாக்கியம் வரும். எழுதியவர்கள் நினைத்தது நாடக அரங்கை. நம்மவர்கள் முதல் நாள் முதல் காட்சி விசில் சத்தத்தை நினைத்துக்கொண்டு பதில் போடுகிறார்கள். மதிப்பெண்ணைக் கொண்டுவாருங்கள், கூடவே எந்த வாக்கியத்தில் எதனால் தயங்கினீர்கள் என்பதையும். அந்தத் தயக்கங்கள்தான் எனக்குச் சுவாரசியம். ராட்ஸ்-ஆரில் இப்போதும் சிறு வயதிலும், இப்போது மட்டும், 16 வயதுக்கு முன் மட்டும், ஒருபோதும் இல்லை என்று நான்கு கட்டங்கள் இருக்கும். அவசரப்படாமல் நிரப்பினால் நீங்கள் எப்போது மறைக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்பது அதிலேயே தெரியும்.

ஏ.டி.ஓ.எஸ்.-2 என்றொரு நேரடிச் சோதனை வைக்கப்படலாம். சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கு அதில் நான்காவது பகுதி. ஒரு மணி நேரத்துக்குள் முடியும். படம், கதை, கொஞ்சம் அரட்டை. அதன் காணொளிகளைத் தேடிப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசாதே என்று வளர்க்கும் ஊரில் அதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. வழக்கமாக எங்கே பார்ப்பீர்களோ அங்கே பாருங்கள். "உங்கள் புருவத்துக்கு நடுவில் பார்த்தால் கண்ணைப் பார்ப்பது போலத் தெரியும் என்று கற்றுக்கொண்டேன்" என்று ஒருவர் சொன்னார்; அந்தத் தகவல் கண்ணைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. நன்றாக நடிப்பதும் வேண்டாம், படித்ததை வைத்து ஆட்டிசம் போல நடிப்பதும் வேண்டாம்.

முடிவு 'இல்லை' என்றும் வரலாம். சமூகப் பதற்றம், எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), பழைய மனக்காயம், ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு-மிகைச் செயல்பாட்டுக் கோளாறு ஆகியவை தூரத்திலிருந்து ஒன்று போலவே தெரியும். ஒன்றோடொன்று கலந்தும் வரும். ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒரே ஆளுக்குக் குறிக்கக் கூடாது என்ற விதியே 2013 வரை இருந்தது. எனவே பழைய மருந்துச் சீட்டுகள், முன்பு சொல்லப்பட்ட நோய்ப் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். உங்கள் 'இயல்பான' நிலை தெரியட்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் வராதீர்கள். மருந்து கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. 'இல்லை' என்றால், நீங்கள் எழுதிக் கொண்டுவந்த சம்பவங்களுக்கு வேறு என்ன விளக்கம் என்று கேளுங்கள். விளக்கம் தராத 'இல்லை'யை நான் மதிப்பதில்லை. "வேலைக்குப் போகிறீர்கள், நன்றாகப் பேசுகிறீர்கள், உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தால் அது மதிப்பீடே அல்ல. வேறொருவரிடம் போகலாம்.

அதனால் இப்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு இருக்கிறதா, பெரியவர்களை மதிப்பிட்ட அனுபவம் உண்டா, எத்தனை அமர்வு, தமிழில் நடக்குமா, எழுத்து அறிக்கைக்குத் தனிக் கட்டணமா, முடிவை நேரில் விளக்குவார்களா. குழந்தைகளை மட்டுமே பார்ப்பவர்கள் நம் ஊரில் அதிகம். இரண்டாவது கேள்வி முக்கியம்.

சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குழப்பம் வராமல் இருக்கச் சொல்கிறேன். உளவியலாளர் அறிக்கை வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழுக்கு மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். அங்கே இசா என்ற 40 கேள்வி கொண்ட இந்திய அளவுகோல். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று அந்த அளவுகோல் சொல்லும். வெளியே தெரியும் நடத்தைகளையே அது அதிகம் எண்ணுவதால், என்னிடம் வந்த, வேலை பார்த்துக்கொண்டு சரளமாகப் பேசும் பெரியவர்கள் பலர் அந்தக் கோட்டைத் தொடவில்லை. தொடாததால் உளவியலாளரின் அறிக்கை பொய்யாகிவிடாது. அலுவலகத்தில் விளக்குக்குக் கீழே இல்லாத இடம் கேட்கவோ, வாய்மொழி உத்தரவுகளை மின்னஞ்சலில் கேட்கவோ சான்றிதழ் இல்லாமலும் பேசிப் பார்க்கலாம்.

அந்த நாளுக்கு முன்தினம் ஒரு நடை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்: எந்த வாசல், எந்த மாடி, காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சி ஓடுகிறதா. உள்ளே வந்ததும் குழல் விளக்கு கண்ணைக் குத்தினால் அணைக்கச் சொல்லுங்கள். மின்விசிறி கடகடத்தால் சொல்லுங்கள். ஒரு கேள்வி புரியாவிட்டால் "இதில் எதைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆனால் ஆகட்டும், நான் பொறுத்திருப்பேன். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அன்று காய்ச்சல் விட்ட உடம்பு போல இருக்கும்.

ரப்பர் வளையத்தைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். மேசைக்கு அடியில் வைத்து உருட்ட வேண்டாம், எனக்குத் தெரியும்படி மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வயதில் தொடங்கியது, அதற்கு முன் கையில் என்ன இருந்தது, யார் பிடுங்கி எறிந்தார்கள் என்று அதிலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடலாம்.